மரம் வெட்டினா காட்டு மண்ணுல இருக்க கார்பன் டை ஆக்சைடு என்னாகும்? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கேள்வி: அக்கா, மண்ணுக்குள்ளயும் கார்பன் டை ஆக்சைடு இருக்கா?

பதில்: நிறைய இருக்குப்பா. வெளிக்காத்துல 0.04 சதவீதம்தான், காட்டு மண்ணுக்குள்ள இருக்க காத்துல அதவிட 10 மடங்கு சர்வசாதாரணம், ஆழம் போகப்போக இன்னும் கூடும். வேரும் மூச்சு விடுது, சருகை மக்க வைக்கிற பூஞ்சை பாக்டீரியாவும் விடுது, அது மெதுவாதான் மேல ஏறும், அதான் உள்ளயே தேங்குது.

கேள்வி: வேர் விடுறது எவ்ளோன்னு எப்படி பிரிச்சு பாக்குறாங்க?

பதில்: எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் இது. வடக்கு ஸ்வீடன்ல ஒரு பைன் காட்டுல மரத்த வெட்டாம, தண்டச் சுத்தி பட்டைய மட்டும் உரிச்சு எடுத்தாங்க, 2001ல முடிவு வந்துச்சு. இலை செய்ற சர்க்கரை உள்பட்டை வழியாதான் வேருக்கு இறங்கும், தண்ணி ஏறுறது கட்டை வழியா, அதனால மரம் பச்சையாவே நிக்குது ஆனா வேருக்கு சாப்பாடு கட். 1-2 மாசத்துல மண்ணுல இருந்து வர்ற கார்பன் டை ஆக்சைடு 54 சதவீதம் வரைக்கும் குறைஞ்சிடுச்சு! பாதிக்கு மேல, இலை அப்பப்போ கீழ அனுப்புறதுல இருந்து வர்றதுதான்.

கேள்வி: அப்போ வெட்டினா குறையுமே மேடம், நல்லதுதானே?

பதில்: இல்லைங்க. வேர் மூச்சு நிக்கும், சரி. ஆனா செத்த வேரு, விட்டுட்டுப் போன கிளை எல்லாம் மக்க ஆரம்பிக்கும், நிழல் போனதால மண்ணு சூடாகும், உறிஞ்ச மரம் இல்லாததால ஈரமும் தங்கும், அதனால மொத்தம் சில எடத்துல கூடும், சில எடத்துல குறையும், சில எடத்துல அப்படியே இருக்கும். அளவு மாறலன்னு காட்டுக்கு ஒண்ணும் ஆகலன்னு தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க, உள்ள இழுக்கிற இலையே போயிடுச்சே! ஸ்வீடன் மாதிரி வடக்கு குளிர் நாடுகள்ல மொத்தமா வெட்டின காடுங்க 10 வருஷம், அதுக்கு மேலயும்கூட கார்பன வெளிய விட்டுட்டே இருக்கும்.

கேள்வி: மண்ணுல சேந்து கிடக்கிற கார்பன் எவ்ளோ போகும்?

பதில்: மிதவெப்ப காடுகள்ல நடந்த ஆய்வுகள எல்லாம் சேத்து 2010ல பாத்தப்போ சராசரி 8 சதவீதம். சராசரிய மட்டும் பிடிச்சுக்காதீங்க, மேல கிடக்கிற சருகு அடுக்குல 30 சதவீதம் போயிருந்துச்சு, கீழ இருக்க மண்ணுல பெருசா மாத்தம் இல்ல.

கேள்வி: பெரிய மெஷின் ஓடின தடத்துல செடியே சரியா வரலயே அக்கா?

பதில்: பாரத்துல மண்ணு இறுகிடும்மா, கார்பன் டை ஆக்சைடு வெளிய வர முடியாம உள்ள கூடும், ஆக்சிஜன் உள்ள போகாது, வேர் திணறிடும். இன்னொரு கொடுமை, நல்ல காட்டு மண்ணு காத்துல இருக்க மீத்தேன உள்ள இழுத்துக்கும், இறுகின தடம் ஈரமா கிடந்தா மீத்தேன வெளிய விட ஆரம்பிச்சிடும். அது பழைய நிலைக்கு வர பல பத்து வருஷம் ஆகும்.

கேள்வி: வெட்டித்தான் ஆகணும்னா?

பதில்: வண்டி ஒரே தடத்துலயே போகட்டும், வெட்டின கிளைய அந்த தடத்துல பரப்பி அது மேல ஓட்டட்டும், மண்ணு காஞ்சோ உறைஞ்சோ இருக்கப்போ மட்டும் உள்ள விடுங்க. அடிக்கட்டைய பிடுங்கவே வேணாம்.