மூளையைக் கணினியோடு நேரடியாக இணைத்தால், நாம் நினைப்பதையெல்லாம் அது படித்துவிடுமா?

கேள்வி கேட்டவர் இரண்டு விஷயங்களைக் கேட்டிருக்கிறார். இப்படி இணைப்பது நிஜமாகவே நடக்கிறதா? நடந்தால் மனசுக்குள் இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடுமா? முதலாவது நடக்கிறது, 20 வருஷத்துக்கு மேலாக. இரண்டாவதற்கு ஒரு வார்த்தையில் பதில் இல்லை. நான் டாக்டரும் இல்லை, இன்ஜினியரும் இல்லை. இதையெல்லாம் தேடிப் படித்தது அப்பாவுக்காக. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் வீடு குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில், கேரள எல்லையை ஒட்டி. அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு. விடியும் முன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார். பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி ஆழமாக இறங்கித் தடியில் பட்டால் அந்த இடம் பிறகு முண்டு முண்டாகத்தான் வளரும். 30 வருஷம் வெட்டிய மனுஷர், ஒரு மழைக்காலம் முடிந்த கையோடு மரத்துக்கு மரம் காயம் போட ஆரம்பித்தார். வலது கைப் பெருவிரலில் பிடி நிற்கவில்லை. முதலில் காட்டிய இடத்தில் கழுத்தெலும்புத் தேய்மானம் என்றார்கள். எட்டு மாதம் அதற்கு மருந்து சாப்பிட்டார். அப்புறம் திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில்தான் ஏஎல்எஸ் என்று தெரிந்தது. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக அழிந்துபோகும் நோய். கை, கால், நாக்கு, விழுங்குவது, கடைசியில் மூச்சு. அப்பாவுக்கு அறிவும் நினைவும் துளியும் மங்கவில்லை. கண் அசைவும் கிட்டத்தட்ட கடைசிவரை இருந்தது.

பேச்சு நின்ற பிறகு எங்களுக்கு உதவியது தமிழ் நெடுங்கணக்குதான். 247 எழுத்தையும் ஒரு அட்டையில் எழுதி ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினால் விடிந்துவிடும். அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். முதலில் "உயிரா, உயிர்மெய்யா?" உயிர்மெய் என்றால் "வல்லினமா, மெல்லினமா, இடையினமா?" ஒவ்வொன்றிலும் ஆறே எழுத்து. அந்த ஆறையும் வரிசையாகச் சொன்னால் வேண்டிய இடத்தில் அப்பா புருவத்தைத் தூக்குவார். அப்புறம் "புள்ளியா, குறிலா, நெடிலா?" குறில் ஐந்து, நெடில் ஏழு. பள்ளிக்கூடத்தில் எதற்கென்றே தெரியாமல் ஒப்பித்த பாகுபாடு எங்கள் வீட்டில் அப்பாவின் வாயாக மாறியது. இதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு.

முழுச் சொல்லும் வரும்வரை நாங்கள் காத்திருப்பதில்லை. 'வெள்' வந்தாலே "வெள்ளமா அப்பா?" என்று கேட்டுவிடுவோம். எங்கள் பக்கம் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் சொல்வோம். பெரும்பாலும் சரியாக இருக்கும். ஒரு நாள் 'வெள்' வந்ததும் அப்படியே நினைத்து, பஞ்சில் நனைத்து நாக்கில் வைத்தோம். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மறுபடியும் அட்டை, மறுபடியும் 'வெள்', மறுபடியும் பஞ்சு. அரை மணி நேரம் போன பிறகுதான் பொறுமையாக அடுத்த எழுத்தையும் கேட்டோம். ள, ச். வெள்ளச்சி. எங்கள் ஆடு. சினையாக இருந்தது, அன்றைக்கு ஈன வேண்டிய நாள். அது தனியாகக் கிடக்கிறதே என்று அவருக்குக் கவலை. இந்த அரை மணி நேரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்தச் சமயத்தில் சார்ஜாவில் இருக்கும் சித்தப்பா மகன் ஒரு ஹெட்செட் வாங்கி அனுப்பினான். நெற்றியில் மாட்டினால் மூளை அலையை வைத்துக் கணினியை இயக்கலாம் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. மாட்டினோம். திரையில் கோடு ஏறியது, இறங்கியது. எல்லோரும் அழுதுவிட்டோம். இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தேன், அப்பா புருவம் தூக்கும்போது மட்டும்தான் கோடு ஏறுகிறது. அது வாங்கிக்கொண்டிருந்தது நெற்றித் தசையின் மின்சாரம். தலைத்தோலில் கிடைக்கும் மூளை அலை என்பது ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குதான். பக்கத்தில் ஒரு தசை இறுகினால் அதன் சத்தத்தில் இது மூழ்கிவிடும்.

தலைக்கு வெளியே இருந்து கேட்பதே பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஜெர்மனியின் ஜெனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனித மூளை அலையை முதன்முதலாகப் பதிவு செய்தார், 1929-இல் வெளியிட்டார். வலிப்பு நோய்க்கு இன்றைக்கும் எடுக்கிறார்களே ஈஈஜி, அது அந்த வழியில் வந்ததுதான். மூளைக்கும் கணினிக்கும் நேரடி இணைப்பு என்ற பெயரை 1973-இல் வைத்தவர் கலிஃபோர்னியாவின் ழாக் விடால். 1988-இல் ஃபார்வெல், டான்சின் என்ற இருவர் 36 கட்டங்களில் எழுத்துகளை மின்னவைத்து, வேண்டிய எழுத்து மின்னும்போது மூளையில் எழும் அலையைப் பிடித்து எழுதவைத்தார்கள். அம்மா அட்டையில் செய்ததைத்தான் அவர்கள் மூளை அலையில் செய்திருக்கிறார்கள்.

ஆனால் வெளியே இருந்து கேட்பதற்கு எல்லை உண்டு. மண்டைக்காட்டுக் கொடைக்குப் போனவர்களுக்குத் தெரியும். கடற்கரையில் நின்றால் கோயில் பக்கத்து இரைச்சல் மொத்தமாகக் கேட்கும், மேளம் உச்சத்துக்குப் போவது தெரியும். உள்ளே ஒரு பாட்டி தன் பேத்தியிடம் என்ன சொல்கிறாள் என்பது கேட்காது. மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். தனித்தனி அணுவின் பேச்சு வேண்டுமென்றால் மைக்கை உள்ளே கொண்டுபோக வேண்டும்.

அப்படி உள்ளே வைத்ததில் பெரிய திருப்பம் 2004-இல் வந்தது. கழுத்தில் கத்திக்குத்துப் பட்டு கை கால் செயலிழந்த மேத்யூ நேகிள் என்ற அமெரிக்க இளைஞருக்கு, 4 மில்லிமீட்டர் சதுரத்தில் 96 மின்முனைகள் கொண்ட ஒரு சில்லை மூளையின் இயக்கப் பகுதியில் பதித்தார்கள். அவர் கையை அசைக்க முயன்றபோது திரையில் கர்சர் நகர்ந்தது. முயன்றபோது என்பதைக் கவனியுங்கள். கை அசையவில்லை, ஆனால் 'அசை' என்ற உத்தரவு மூளையில் பிறந்துகொண்டுதான் இருந்தது. வழியில் கம்பி அறுந்திருந்தது, அவ்வளவுதான். 2012-இல் இதே வகைச் சில்லோடு, பக்கவாதத்தால் முடங்கிய கேத்தி ஹட்சின்சன் ஒரு இயந்திரக் கையை இயக்கிக் காப்பி குடித்த செய்தி வந்தது. கிட்டத்தட்ட 15 வருஷத்துக்குப் பிறகு, தானாக எடுத்துக் குடித்த காப்பி.

செய்திகளில் அதிகம் அடிபடும் நியூராலிங்க், ஈலான் மஸ்க்கின் நிறுவனம், இந்த வரிசையில் பின்னால் வந்ததுதான். 64 மெல்லிய இழைகளில் 1,024 மின்முனைகள். 2024 ஜனவரியில் நோலண்ட் ஆர்பா என்பவருக்கு முதலில் பொருத்தினார்கள். சில வாரங்களில் இழைகளில் பெரும்பகுதி மூளையிலிருந்து பின்வாங்கிவிட்டது. மென்பொருளை மாற்றிச் சமாளித்தார்கள். மண்டையைத் திறக்காமல் கழுத்து ரத்தக் குழாய் வழியாக, மின்முனைகள் பதித்த வலைக்குழாய் ஒன்றை அனுப்பும் சின்க்ரான் என்ற நிறுவனமும் இருக்கிறது. மின்முனை குறைவு, ஆபத்தும் குறைவு.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது 2023 ஆகஸ்டில் வந்த செய்திதான். அப்பா போனது 2021-இல். பக்கவாதத்தால் 18 வருஷம் பேச்சில்லாமல் இருந்த ஆன் என்ற பெண்ணின் மூளைப் பரப்பில் 253 மின்முனைகளை வைத்து, நிமிஷத்துக்கு 78 சொல் வேகத்தில் பேசவைத்திருந்தார்கள். குரலை அவளுடைய கல்யாண வீடியோவிலிருந்து எடுத்து உருவாக்கியிருந்தார்கள். அதே வாரம், அப்பாவுக்கு வந்த அதே நோயில் இருந்த பேட் பென்னட் நிமிஷத்துக்கு 62 சொல் பேசிய ஆய்வும் வந்தது. 2024-இல் கேஸி ஹாரல், அவருக்கும் ஏஎல்எஸ், 256 மின்முனைகளோடு நூற்றுக்கு 97 சொல் சரியாக வரும்படி பேசினார். சொல்ல நினைத்தது முதல் தடவை திரையில் சரியாக வந்தபோது அவர் அழுதுவிட்டாராம். அந்த வரியைப் படித்துவிட்டு நான் எழுந்து முற்றத்தில் போய் நின்றேன்.

இது எப்படி வேலை செய்கிறது? உதடு, நாக்கு, தாடை, குரல்வளை ஆகியவற்றை அசைக்கும் மூளைப்பகுதியிலிருந்து மின்சைகைகளை எடுக்கிறார்கள். ஹாரலின் கருவி 80 மில்லிவிநாடிக்கு ஒரு முறை, 'இப்போது இவர் எந்த ஒலியை உச்சரிக்க முயல்கிறார்?' என்று கணிக்கிறது. ஆங்கிலத்துக்கு 39 ஒலிகள் என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒலிகள் அரைகுறையாகத்தான் வரும். அதற்கு மேல் உட்கார்ந்திருக்கும் 'மொழி மாதிரி' என்ற மென்பொருள், அந்த மொழியில் எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று பார்த்து இடைவெளிகளை நிரப்புகிறது. 'வெள்' வந்ததும் "வெள்ளமா?" என்று நாங்கள் கேட்டோமே, அது.

என் கவலையும் இங்கேதான். செய்தித்தாள் தமிழில் பழக்கிய மொழி மாதிரிக்கு 'வெள்ளம்' என்றால் ஆறு கரைபுரள்வது. எங்கள் அப்பா "வெள்ளம் தா" என்றால் அது தடுமாறும். 'நன்றாக இருக்கிறது' என்ற அர்த்தத்தில் 'கொள்ளாம்' என்றால் 'கொல்லலாம்' என்று திருத்தக்கூடும். 'மக்களே' என்று அவர் என்னைக் கூப்பிட்டால் மேடைப் பேச்சு என்று நினைத்துக்கொள்ளும். தமிழும் மலையாளமும் கலந்து பேசும் மனுஷர்கள் நாங்கள். மூளை அளவில் அது தடையே இல்லை. ஸ்பானிஷும் ஆங்கிலமும் கலந்து புழங்கும் ஒருவருக்கு, இரண்டு மொழியையும் மூளைச் சைகையிலிருந்து பிரித்தெடுத்துக் காட்டிய ஆய்வு 2024-இல் வந்துவிட்டது. இரண்டு மொழிக்கும் மூளையில் பெரும்பாலும் பொதுவான செயல்பாடுதான் இருந்ததாம். தடை மேல்தளத்தில், அந்த மொழி மாதிரியில் இருக்கிறது. கன்னியாகுமரித் தமிழையும் செங்கோட்டைத் தமிழையும் பாலக்காட்டுத் தமிழையும் பேசுகிறபடியே பதிவு செய்து சேர்த்துவைக்காவிட்டால், நாளைக்கு இந்தக் கருவி நம் ஊருக்கு வரும்போது ஒவ்வொரு 'வெள்ளச்சி'யும் 'வெள்ள'மாகிவிடும். அந்த அரை மணி நேரத்தை நான் பார்த்திருக்கிறேன். பேச முடியாததைவிட, தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டுத் திருத்தவும் முடியாமல் கிடப்பது கொடுமை.

சரி, எண்ணங்களைப் படிக்குமா? மேலே சொன்ன பேச்சுக் கருவிகள் எல்லாமே முயற்சியைத்தான் பிடிக்கின்றன. கடன் கவலையோ, யார் மீதுள்ள கோபமோ, உதட்டை அசைக்கும் பகுதியில் வாக்கியமாக எழுதிவைக்கப்பட்டிருக்காது. ஆனால் முயற்சிக்கும் எண்ணத்துக்கும் நடுவிலுள்ள கோடு முழுக்க அழுத்தமானது இல்லை. உச்சரிக்க முயலாமல் மனசுக்குள் மட்டும் சொல்லிக்கொள்ளும் பேச்சையும் ஓரளவு எடுக்க முடிகிறது என்று ஸ்டான்ஃபோர்டு குழு 2025-இல் காட்டியது. சிறந்த நிலையில் நூற்றுக்கு 74 சொல் வரை சரியாக வந்தது. சைகை பலவீனமானது, இருந்தாலும் இருக்கிறது. அதனால் அவர்களே ஒரு பூட்டும் வைத்தார்கள்: ஒரு கடவுச்சொல்லை மனசுக்குள் சொன்னால்தான் கருவி கேட்கத் தொடங்கும். சிலி நாடு 2021-இலேயே மூளைத் தகவலைப் பாதுகாக்கத் தன் அரசியல் சாசனத்தைத் திருத்திவிட்டது. பயம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மண்டையைத் திறந்து சில்லைப் பதிக்காமல், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர் உங்கள் மனசைப் படிக்க இன்றைக்கு வழி இல்லை.

வீட்டில் இப்படி ஒருவர் இருப்பவர்களுக்கு: பேசவைக்கும் ஆபரேஷனெல்லாம் இன்னும் ஆய்வுக் கட்டத்தில்தான். அதற்கு முன் கண் அசைவைப் பின்தொடரும் கருவிகளைப் பாருங்கள். 2024 முதல் புது ஐபோன், ஐபேடுகளிலேயே அந்த வசதி வந்துவிட்டது. ஒன்றும் இல்லாவிட்டால் அம்மாவின் அட்டை இருக்கிறது. அடுத்த எழுத்தைக் கேட்காமல் ஊகிக்காதீர்கள்.

இன்னொன்று, இதை இன்றைக்கே செய்யுங்கள். பேச்சு இருக்கும்போதே குரலைப் பதிவு செய்யுங்கள். ஹாரலுக்கு நோய்க்கு முந்தைய அவருடைய குரலிலேயே பேச முடிந்தது பழைய பதிவுகள் இருந்ததால்தான். எங்களிடம் இருப்பது வாட்ஸ்அப்பில் அப்பா அனுப்பிய ஒரே ஒரு குரல் பதிவு, 11 விநாடி. செய்தித்தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்லாதீர்கள், வாசிக்கும் குரல் வேறு. சாப்பிடக் கூப்பிடுவது, பேரப்பிள்ளையைத் திட்டுவது, ஆட்டை அதட்டுவது, சாயாக்கடையில் கணக்குப் பேசுவது என்று இருக்கிறபடியே எடுங்கள். ஒரு மணி நேரமாவது சேரட்டும். இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். எங்கள் அப்பாவின் போன் மழையில் நனைந்தபோது அதிலிருந்த மற்ற எல்லாம் போய்விட்டது.