பாதியில் நிற்கும் கிடார்

இரவு 8 மணிக்கு வீடு திரும்பினால் கிடார் வாசிக்கவும் முடியவில்லை, நீங்களே செய்யத் தொடங்கிப் பாதியில் நிற்கும் கிடாரையும் முடிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இரண்டையும் ஒரே ஞாயிற்றுக்கிழமைக்குள் அடைக்கப் பார்ப்பதுதான் சிக்கல் என்று தோன்றுகிறது.

கிடார் செய்வதில் பாதி காத்திருப்புதான். மேல்பலகைக்கு உட்பக்கம் வலுவுக்காக ஒட்டும் மரப்பட்டைகளான பிரேஸ்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பசை தடவி கிளாம்ப் போட 20 நிமிடம் போதும். மரப்பசை முழுப் பலம் பெற ஏறக்குறைய 24 மணி நேரம். அதனால் வார நாளில் இரவுக்கு ஒன்றிரண்டு பிரேஸ், அவ்வளவுதான். பிரெட் (கழுத்தில் குறுக்காகப் பதிக்கும் உலோகக் கம்பி) பள்ளம் அறுப்பதை மட்டும் களைப்போடு தொடாதீர்கள். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் சுருதி காட்டிக்கொடுத்துவிடும். அதை விடுமுறை நாள் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வாசிப்பு. வாசிக்கும் கிடாரைப் பெட்டியிலிருந்து எடுத்து ஸ்டாண்டில் வையுங்கள் (அறை ரொம்ப வறண்டிருந்தால் வேண்டாம், மரம் வெடித்துவிடும்). கண்ணில் பட்டால் கை தானாகப் போகும்.