தோப்பு விளம்பரத்தில் எதை எழுத வேண்டும்?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டியுள்ள கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகர்: "வேலந்தாவளம் பக்கம் இடம் விற்றுக் கொடுக்கிறேன். கோவைப் பார்ட்டிகளைப் பிடிக்க வாட்ஸாப் குழுக்களில் தினமும் விளம்பரம் போடுகிறேன். போனே வருவதில்லை. இரண்டு குழுக்களில் நீக்கிவிட்டார்கள். எப்படி எழுதுவது?"

நீங்கள் அனுப்பியிருந்த விளம்பரம் இது: "அருமையான தோப்பு, ரோடு டச், தண்ணீர் வசதி, கோவைக்கு மிக அருகில், முந்துங்கள்!" வாங்குகிறவர் தெரிந்துகொள்ள இதில் ஒன்றுமே இல்லை. எத்தனை சென்ட்? வழி பஞ்சாயத்து ரோடா, பக்கத்துத் தோட்டக்காரர் விட்ட தடமா? போர் எத்தனை அடி? உங்கள் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம் மழை குறைவு என்பது கோவைக்காரருக்கும் தெரியும். ஏப்ரல் மாதத்தில் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடும் என்று நீங்களே முந்திக்கொண்டு எழுதுங்கள், அந்த ஒரு வரிக்காகவே கூப்பிடுவார்கள். மறைத்தால், இடம் பார்க்க வந்த அன்றைக்கே டீக்கடையில் யாராவது சொல்லிவிடுவார். அப்புறம் அந்தப் பார்ட்டி உங்கள் போனை எடுக்க மாட்டார்.

பட்டா, சிட்டா பார்த்துப் பழகியவருக்குக் கேரளக் காகிதங்கள் புதிது. கையில் விற்க இடம் இல்லாத வாரத்திலும் அவற்றை விளக்கி எழுதுங்கள். பத்திரத்தில் பரப்பு ஆர் கணக்கில் இருக்கும். ஒரு ஆர் சுமார் 2.47 சென்ட். முத்திரைத்தாள் 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இவற்றையெல்லாம்விட முக்கியம், வருவாய்ப் பதிவில் அது புரையிடமா (வீடு, தோப்புக்கான மேட்டு நிலம்), நிலமா என்பது. அங்கே நிலம் என்று இருந்தால் வயல் என்று அர்த்தம். 2008ஆம் ஆண்டு நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு அதில் மண்ணடித்து வீடு கட்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. கண்ணுக்குத் தென்னை நின்றாலும் பதிவில் வயலாக இருக்கலாம். வீடு கட்டும் கனவோடு வருகிறவரிடம் இதைச் சொல்லாமல் அட்வான்ஸ் வாங்குவது பெரிய பாவம்.

லேஅவுட் மனை, அபார்ட்மெண்ட் என்றால் விஷயம் வேறு. 2016ஆம் ஆண்டின் ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவான திட்டத்தில் விற்றுக் கொடுக்க ஏஜெண்டும் பதிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். பதிவு அந்தந்த மாநிலத்துக்கு மட்டும்தான். கேரளப் பதிவை வைத்துக்கொண்டு பொள்ளாச்சி லேஅவுட்டை விற்க முடியாது. எல்லையில் தொழில் செய்கிறீர்கள், இரண்டு பக்கமும் பதிந்துகொள்ளுங்கள். பதிவாகாத திட்டத்துக்கு விளம்பரமே போடாதீர்கள்.

குழுவில் நீக்கியதற்குக் கோபப்பட வேண்டாம். தினமும் அதே படத்தைப் போட்டால் யாருக்கும் எரிச்சல் வரும். அட்மினிடம் கேட்டுவிட்டு வாரம் ஒன்று போடுங்கள். மற்ற நாட்களில் யாராவது வில்லங்கம், வரி ரசீது பற்றிக் கேட்டால் விற்பனைப் பேச்சை எடுக்காமல் பதில் சொல்லுங்கள். படம் நீங்கள் எடுத்ததாக இருக்கட்டும். உரிமையாளர் சரி என்று சொல்லாமல் அவர் இடத்தைப் போடக்கூடாது; பத்திர நகலைக் குழுவில் போடவே கூடாது. விலை இறங்கினாலோ இடம் விற்றுப்போனாலோ அன்றைக்கே திருத்திவிடுங்கள்.

கமிஷன் எவ்வளவு, இரண்டு பக்கமும் வாங்குவீர்களா என்பதை இடம் காட்ட வண்டி ஏற்றும் முன்பே பார்ட்டியிடம் சொல்லிவிடுங்கள்.