கூட்டமில்லாத நாளில் ஏன் கை நடுங்குகிறது?

கேள்வி: மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறேன். திருமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறேன். சில மாதங்களாகத் தலைவலி, சரியான தூக்கமில்லை. வீட்டுக்குப் போனதும் பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். தீபாவளிக் கூட்டத்தைக்கூடச் சமாளித்தேன், படுத்ததும் தூங்கினேன். இப்போது வியாபாரமே இல்லாத நாளிலும் ராத்திரி கணக்கு முடிக்கும்போது கை நடுங்குகிறது. முதலாளி, பெரியவர், தள்ளுபடி போடச் சொல்கிறார். அவர் மகன் வந்து, "யாரைக் கேட்டுப் போட்டே?" என்கிறார். கல்லாவில் குறைந்தால் என் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். "எல்லாருக்கும்தான் டென்ஷன்" என்கிறார் கணவர். எனக்குத்தான் தெம்பில்லையா?
*– ஒரு வாசகி, திருமங்கலம்*

பதில்: அன்புத் தங்கைக்கு,

தெம்பில்லாதவரா நீங்கள்? தீபாவளிக்கு முந்தின வாரம் விளக்குத்தூணில் கால் வைக்க இடமிருக்காது. அந்தக் கூட்டத்துக்கு பில் போட்டுவிட்டு நன்றாகத் தூங்கியிருக்கிறீர்கள். ஈ ஓட்டுகிற நாளில்தான் கை நடுங்குகிறது. அப்படியென்றால் உங்களை வாட்டுவது வேலையின் அளவு இல்லை.

கடிதத்தில் இரண்டு இடம் எனக்குப் பளிச்சென்று தெரிகிறது. அப்பா பேச்சைக் கேட்டால் மகனிடம் திட்டு, மகன் பேச்சைக் கேட்டால் அப்பாவிடம் திட்டு. எப்படிச் செய்தாலும் தப்பு என்றால் எவ்வளவு கெட்டிக்காரரும் ஆடிப்போவார். அடுத்தது கல்லா. பணத்துக்குப் பொறுப்பு உங்களுடையது. நீங்கள் சாப்பிடப் போகும்போது அங்கே யார் உட்காருகிறார்கள், அவசரத்துக்குச் சில்லறை யார் எடுக்கிறார்கள் என்பதெல்லாம் உங்கள் கையில் இருக்கிறதா? இருக்காது என்றுதான் நினைக்கிறேன். ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1979-லேயே இதைச் சொல்லிவிட்டார்: வேலையின் நெருக்கடி அதிகமாக இருந்து, அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைவாக இருக்கும் இடத்தில்தான் மன அழுத்தம் கூடுகிறது.

ஆனாலும் என் ஊகத்தை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு வாரம் பழைய காலண்டர் தாளில் குறித்துப் பாருங்கள். 'மனசு சரியில்லை' என்று எழுதினால் பிரயோஜனமில்லை. 'ராத்திரி 8.40, தள்ளுபடி பில்லைச் சின்னவர் திருப்பிப் பார்த்தார், பின்கழுத்து இறுகியது' என்று எழுதுங்கள். நேரம், ஆள், நடந்தது, உடம்பில் தெரிந்த இடம், அவ்வளவு போதும். ஒருவேளை எல்லாக் குறிப்பும் பஸ் நெரிசலிலோ, நின்று நின்று கால் கடுக்கும் மாலையிலோ போய் நின்றால் பரிகாரமும் வேறு. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் திருத்தியாகிவிட்டது. அதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

கல்லா விஷயத்திலும் உங்களுக்குப் பாதுகாப்பு உண்டு. பணம் குறைந்தது உங்கள் கவனக்குறைவால்தான் என்று தெரிந்து, உங்கள் விளக்கத்தையும் கேட்ட பிறகே சம்பளத்தில் பிடிக்கலாம். இனிமேல் இடத்தை விட்டு எழும்போதும் திரும்ப உட்காரும்போதும் இன்னொருவரை வைத்து எண்ணி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள்.

கணவருக்கும் அந்தத் தாளைக் காட்டுங்கள். எல்லாருக்கும் இருக்கிற டென்ஷனா இது என்று அவரே பார்த்துச் சொல்லட்டும்.

அப்புறம், உடம்பையும் விட்டுவிடாதீர்கள். கை நடுக்கத்துக்கும் தூக்கமின்மைக்கும் தைராய்டுகூடக் காரணமாக இருக்கலாம். தலைவலிக்கு பிரஷரும் கண்ணும் பார்க்க வேண்டும். தூக்கம் திரும்பவில்லை என்றால் அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416-க்குப் போன் செய்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

தள்ளுபடி பற்றிப் பெரியவரிடம்தான் முதலில் பேச வேண்டும். ராத்திரி கணக்கு முடிக்கும் நேரத்தில் வேண்டாம், மகன் எதிரிலும் வேண்டாம். காலையில் கடை திறந்து சாமி கும்பிட்டு உட்கார்ந்ததும் சொல்லுங்கள்: "ஐயா, தள்ளுபடி போடச் சொல்லும்போது பில்லில் ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுங்க. சின்னவர் கேட்டா காட்டிடுவேன்."