நூறு பக்கத்துக்குள் ஒரு நூல்: மதிப்புரை எழுதுவோர் கேட்டவை

சிறிய மின்னூல்களுக்கும் குறுநாவல்களுக்கும் மதிப்புரை எழுதும் வாசகர்களிடமிருந்து நிறையக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில்.

கேள்வி: மின்னூலில் எழுத்தைப் பெரிதாக்கினால் பக்க எண்ணிக்கையும் கூடிவிடுகிறது. ஒரு நூலைச் சிறுகதை என்பதா, குறுநாவல் என்பதா? எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: சொல் எண்ணிக்கைதான் நம்பகமான அளவு. அறிவியல் புனைவுக்கான ஹியூகோ, நெபுலா விருதுகளில் 7,500 சொற்களுக்கு உட்பட்டது சிறுகதை. அதற்கு மேல் 17,500 வரை நெடுங்கதை. 17,500 முதல் 40,000 வரை குறுநாவல். இந்த எண்களைத் தமிழ் நூலின் மேல் அப்படியே ஏற்றிவிடக் கூடாது. ‘பேசிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல ஐந்து சொற்களாவது வேண்டும். ஆகவே ஒரே கதை தமிழில் குறைந்த சொற்களில் அடங்கிவிடும். 15,000 சொல் கொண்ட தமிழ்க் கதையைக் குறுநாவல் என்று சொல்வதில் தவறில்லை.

எண்ணுவது எளிது. நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு இல்லாத இபப் என்ற மின்னூல் வடிவக் கோப்பு என்றால், மின்னூல்களை வடிவம் மாற்றித் தரும் காலிபர் மென்பொருளில் போட்டு எளிய உரைக்கோப்பாக மாற்றி, ஆவணம் தட்டச்சும் எந்தச் செயலியில் திறந்தாலும் எண்ணிக்கை வந்துவிடும். பூட்டு உள்ள நூல் என்றால், தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, இறுதிக்கு அருகே ஒன்று என மூன்று திரைகளில் உள்ள சொற்களை எண்ணிச் சராசரி எடுங்கள். திரைக்கு 110 சொல், மொத்தம் 140 திரை என்றால் சுமார் 15,400 சொல். கணக்கு முடியும் வரை எழுத்தளவை மாற்றாதீர்கள். முழுக்க உரையாடலாக உள்ள திரையையும் எடுக்க வேண்டாம். அதில் வெற்றிடம் அதிகம், சராசரி கீழே இறங்கிவிடும். மதிப்புரையில் ‘சுமார் 15,000 சொற்கள், இரண்டு மணி நேர வாசிப்பு’ என்று எழுதினால் போதும். பக்க எண்ணிக்கையைவிட வாசகருக்கு அது உதவும்.

கேள்வி: ஒரு குறுநாவலில் 80 சதவீதம் வந்தபோதே கதை திடீரென முடிந்துவிட்டது. ‘அவசரமாக முடித்திருக்கிறார்’ என்று எழுதினேன். எழுதியவர் மறுக்கிறார். நான் எழுதியது தவறா?

பதில்: முதலில் அந்த 80 சதவீதத்தைச் சந்தேகப்படுங்கள். வாசிப்புக் கருவி பெரும்பாலும் கோப்பு முழுவதையும் கணக்கில் எடுத்துத்தான் சதவீதம் காட்டுகிறது. கதை முடிந்த பிறகும் கோப்பில் நன்றியுரை, ஆசிரியர் குறிப்பு, பிற நூல்களின் பட்டியல், அடுத்த நூலின் முதல் அத்தியாயம் என்று பலவும் இருக்கும். 500 பக்க நாவலில் இவை பத்துப் பக்கம் பிடித்தால் யாருக்கும் தெரியாது. 60 பக்க நூலில் அதே பத்துப் பக்கம் ஆறில் ஒரு பங்கு. அச்சு நூலில் மிச்சமுள்ள தாள்களின் கனம் விரல்களுக்கு முடிவை முன்கூட்டியே சொல்லிவிடும். திரையில் அது இல்லை. ‘இன்னும் ஐந்தில் ஒரு பங்கு பாக்கி’ என்று நம்பியிருந்த மனம் ஏமாறுகிறது, பழி கதையின் மேல் விழுகிறது. சிறிய மின்னூல்களின் முடிவைப் பற்றிய குறைகளில் இந்த வகைக் குறை அடிக்கடி கண்ணில் படுகிறது.

இதைத் தவிர்க்க, படிக்கத் தொடங்கும் முன் பொருளடக்கத்தைத் திறந்து, கதைக்கு அடுத்து வரும் பகுதியைத் தொடுங்கள். கதை எந்தச் சதவீதத்தில் முடிகிறது என்பது தெரிந்துவிடும், கடைசி வரியும் கண்ணில் படாது. கதை 4 சதவீதத்தில் தொடங்கி 82-இல் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். உண்மையான நடுப்பகுதி 50 அல்ல, 43. கடைசிக் கால்பகுதி 62-ஐ ஒட்டித் தொடங்குகிறது. அங்கிருந்து முடிவு வரை மறுபடி படித்துப் பாருங்கள். பாத்திரம் எடுக்கும் முடிவுக்கான காரணம் முன்பே விதைக்கப்பட்டிருக்கிறதா, கடைசிக் காட்சி நம் கண்முன் நடக்கிறதா, அல்லது நடந்துவிட்டதாகச் சொல்லப்படுகிறதா என்று கவனியுங்கள். அதன் பிறகும் அவசரமாகவே தோன்றினால் உங்கள் வரி நிற்கட்டும்; காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். தவறு என்று தெரிந்தால் மதிப்புரையைத் திருத்தி, திருத்திய தேதியையும் குறிப்பிடுங்கள்.

கேள்வி: கதைச்சுருக்கம் எழுதத் தொடங்கினால் முழுக்கதையும் வந்துவிடுகிறது. எங்கே நிறுத்துவது?

பதில்: பெரிய நாவலில் முதல் மூன்றில் ஒரு பங்கைச் சொன்னாலும் வாசகருக்கு இழப்பு குறைவு. குறுநாவலில் அத்தனை தாராளம் கூடாது. முதல் திருப்பம் வரை, அல்லது கதையின் முதல் கால்பகுதி வரை. எது முதலில் வருகிறதோ அங்கே நிறுத்துங்கள். தனிச் சிறுகதையாக வந்த மின்னூல் என்றால் தொடக்கச் சூழலைத் தாண்டவே வேண்டாம். யார், எங்கே, என்ன சிக்கல் என்று மூன்று வாக்கியம் போதும். நான்காவது வாக்கியம் ‘ஆனால்’ என்றோ ‘அப்போதுதான்’ என்றோ தொடங்கினால், திருப்பத்தைச் சொல்லப்போகிறீர்கள் என்று பொருள்.

எழுதி முடித்ததும் சுருக்கப் பத்தியை மறைத்துவிட்டு மீதியைப் படியுங்கள். அது தனியாக நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் நீங்கள் எழுதியது மதிப்புரை அல்ல, கதையை மறுபடி சொல்லியிருக்கிறீர்கள். மொத்த நீளத்துக்கும் ஒரு வரம்பு வைத்துக்கொள்ளலாம்: தனிச் சிறுகதைக்கு 250 சொல், குறுநாவலுக்கு 400 முதல் 600 வரை. அதில் சுருக்கம் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்.

முடிவைப் பற்றிப் பேசாமல் குறுநாவலை எடைபோட முடியாது என்பதும் உண்மை. முடிவை வெளிப்படுத்தாமலே அது அமைந்த விதத்தைப் பேசலாம். ‘கடைசியில் அண்ணன் வீட்டை விற்றுவிடுகிறான்’ என்று எழுதினால் நூல் முடிந்துபோகிறது. ‘கடைசி அத்தியாயத்தில் அண்ணன் எடுக்கும் முடிவுக்கான காரணம் இரண்டாம் அத்தியாயத்திலேயே ஒரு சிறு உரையாடலில் இருக்கிறது, மறுவாசிப்பில்தான் அது கண்ணில் படுகிறது’ என்று எழுதினால் நூல் திறக்கிறது. இரண்டாவது வாக்கியத்தை எழுத நூலை இரண்டு முறை படித்தாக வேண்டும். சிறிய நூல்தானே, படிக்கலாம். முதல் வாசிப்பை இடையில் நிறுத்தாமல், குறிப்பு எடுக்காமல் முடியுங்கள். ஒரு நாள் விட்டு, நூலைத் திறக்காமல் நினைவில் நிற்பதை ஐந்து வரி எழுதுங்கள். அதற்குப் பிறகு இரண்டாம் வாசிப்பு, கையில் குறிப்போடு. அந்த ஐந்து வரியில் எது இருக்கிறது, எது இல்லை என்பதிலிருந்தே மதிப்புரையின் பாதி கிடைத்துவிடும்.

கேள்வி: ‘இன்னும் விரிவாக எழுதியிருக்கலாம்’ என்று பலரும் எழுதுகிறார்கள். அது சரியான விமர்சனமா?

பதில்: பெரும்பாலும் இல்லை. சிறிய நூல்களுக்குச் செய்யப்படும் அநியாயங்களில் இதையே முதலில் சொல்வோம். குறுநாவல் என்பது வளராமல் நின்றுபோன நாவல் அல்ல. நீளம் என்பது எழுதியவர் எடுத்த முடிவு. அந்த நீளத்துக்குள் அவர் எதை எடுத்தார், எதை விட்டார் என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

அந்த வரியை எழுதத் தோன்றும்போது நூலில் சில இடங்களைத் தேடிப் பாருங்கள். பெயர் சொல்லி அறிமுகமாகும் பாத்திரங்களை எண்ணுங்கள். அவர்களில் எத்தனை பேர் கதையைப் பாதிக்கும் ஒரு செயலையாவது செய்கிறார்கள் என்றும் எண்ணுங்கள். பன்னிரண்டு பெயர் வந்து நான்கு பேர் மட்டுமே ஏதாவது செய்கிறார்கள் என்றால் சிக்கல் நெரிசலில் இருக்கிறது. நூல் நீண்டால் நெரிசல்தான் நீளும். அடுத்து, மையமான தருணம் காட்சியாக வந்திருக்கிறதா, தகவலாக வந்திருக்கிறதா? ‘அன்றிரவு இருவருக்கும் பெரிய சண்டை நடந்தது’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டு, ரயில் பயணத்துக்கு மூன்று பக்கம் ஒதுக்கியிருந்தால், ‘சண்டையைக் காட்டாமல் பயணத்தைக் காட்டியிருக்கிறார்’ என்று எழுதுங்கள். அது துல்லியமான குறை, எழுதியவருக்கும் பயன்படும்.

இதற்கு நேர்மாறான நோயும் உண்டு. சிறுகதைக்குரிய கருவை இழுத்துக் குறுநாவலாக்கியிருப்பார்கள். நமக்கு முன்பே தெரிந்த செய்தியை ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்திடம் முழுதாகச் சொல்லும், ஒரே மனநிலையைக் காட்ட மூன்று கனவுகள் வரும், அத்தியாயத்தின் கடைசிப் பத்தியே அடுத்த அத்தியாயத்தின் முதல் பத்தியாக வேறு சொற்களில் திரும்பும். இந்த இடங்களை அத்தியாய எண்ணோடு காட்டுங்கள்.

தொடரின் முதல் துண்டைத் தனி நூல்போல வெளியிட்டிருந்தால் மதிப்புரையின் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். வாங்குபவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

கேள்வி: எழுத்துப்பிழை மலிந்த மின்னூலை எப்படிக் கையாள்வது?

பதில்: பிழை யாருடையது என்று பிரித்துப் பாருங்கள். கொம்பு தனியாக நின்று பக்கத்தில் புள்ளி வட்டம் தெரிந்தால் அது எழுத்தாளரின் அறியாமையாக இருக்க வாய்ப்பில்லை. எழுத்துருவோ குறியாக்கமோ கெட்டிருக்கிறது. தமிழில் ெ, ே, ை ஆகிய குறிகள் கண்ணுக்கு எழுத்தின் முன்னால் தெரிந்தாலும் ஒருங்குறியில் (யூனிகோடில்) மெய்யெழுத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகின்றன. பழைய எழுத்துருக் கோப்பிலிருந்தோ பிடிஎஃப்பிலிருந்தோ நகலெடுத்து நூலாக்கும்போது இந்த வரிசை குலைந்துவிடும். ‘ர’ வர வேண்டிய இடத்தில் கால் குறி நின்றால், அச்சுப் பிரதியை ஒளிவருடி, படத்திலுள்ள எழுத்தை உரையாக மாற்றும் எழுத்துணரிக்குக் கொடுத்தபோது நேர்ந்ததாக இருக்கலாம். ர-ற, ன-ண மயக்கமும் சந்திப்பிழையும் மெய்ப்புத் திருத்தாமல் விட்டவை. குறை சொல்லும் முன் அதே பக்கத்தை வேறொரு கருவியிலோ செயலியிலோ திறந்து பாருங்கள்; அங்கே சரியாகத் தெரிந்தால் நூலின் மேல் குற்றமில்லை.

‘நிறையப் பிழைகள்’ என்று எழுதாதீர்கள். தொடக்கம், நடு, இறுதி என மூன்று இடங்களில் ஆயிரம் ஆயிரம் சொல் எடுத்துப் பிழைகளை எண்ணுங்கள். மூன்றிலும் சேர்த்துப் பன்னிரண்டு என்றால் ‘ஆயிரம் சொல்லுக்குச் சுமார் நான்கு’. தொடக்கத்தில் குறைவாகவும் இறுதியில் அதிகமாகவும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். மெய்ப்புப் பார்த்தவர் பாதியில் களைத்திருக்கிறார். நீங்கள் படித்த தேதியைக் கட்டாயம் எழுதுங்கள். மின்னூலை வெளியிட்டவர் எப்போது வேண்டுமானாலும் திருத்திய கோப்பை ஏற்றலாம். அடுத்த மாதம் வாங்குபவர் உங்கள் பிழைப் பட்டியலைத் தேடிக் குழம்பக் கூடாது. பட்டியலை நூலாசிரியருக்குத் தனியாக அனுப்பிவிடுங்கள், மதிப்புரையில் ஒரே வாக்கியம் போதும்.

கேள்வி: ஐந்து கதைகள் கொண்ட சிறு தொகுப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி எழுதலாமா?

பதில்: வேண்டாம், பட்டியலாகிவிடும். சிறந்தது ஒன்று, தோற்றது ஒன்று, தொகுப்பின் பொதுக்குணத்தைக் காட்டுவது ஒன்று என மூன்று எடுங்கள். கதைகளை அடுக்கிய வரிசையைப் பற்றியும் ஒரு வரி எழுதுங்கள். பலரும் அதைக் கவனிப்பதே இல்லை.

கேள்வி: நட்சத்திர மதிப்பீடு தரும்போது விலை, பதிவிறக்கச் சிக்கல் இவற்றுக்கும் புள்ளி குறைக்கலாமா?

பதில்: கூடாது. அவை நூலின் குணம் அல்ல. தனி வரியாகச் சொல்லுங்கள்.

கேள்வி: எழுத்தாளர் இலவசப் பிரதி அனுப்பினார். அதைச் சொல்ல வேண்டுமா?

பதில்: கட்டாயம். அதுவும் முதல் பத்தியிலேயே. அடியில் சிறிய எழுத்தில் அல்ல. நட்பு, உறவு, சேர்ந்து பணிசெய்தது எல்லாவற்றுக்கும் இதே விதி. வெளியீட்டுக்கு முன் வந்த பிரதி என்றால் இன்னொன்றும் உண்டு: அது நூலின் இறுதி வடிவம் அல்ல. நீங்கள் மேற்கோள் காட்டிய வரி வெளியான நூலில் அப்படியே இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் பாராட்டிய பத்தியே வெட்டுப்பட்டிருக்கலாம்.

கேள்வி: எவ்வளவு மேற்கோள் காட்டலாம்? பக்க எண் இல்லாத நூலில் இடத்தை எப்படிக் குறிப்பது?

பதில்: படைப்புரிமைக்கான பெர்ன் உடன்படிக்கையின் 10-ஆம் பிரிவு, நேர்மையான நடைமுறைக்கு ஏற்பவும் நோக்கத்துக்குத் தேவையான அளவுக்குள்ளும் மேற்கோளை அனுமதிக்கிறது. படைப்பையும், ஆசிரியர் பெயர் இருந்தால் அதையும் குறிப்பிட வேண்டும். இத்தனை சொல் என்ற எண் எதுவும் அதில் இல்லை. குறுநாவலுக்கு இரண்டு மூன்று இடங்கள், ஒவ்வொன்றும் இரண்டு வாக்கியத்துக்குள் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் உறுத்தாது. ஒவ்வொரு மேற்கோளை ஒட்டியும் நீங்கள் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அழகுக்காக நிறுத்திய வரியை எடுத்துவிடுங்கள். கவிதைத் தொகுப்பில் கூடுதல் கவனம் தேவை. நான்கு வரிக் கவிதையில் நான்கு வரியும் காட்டினால் அது முழுப் படைப்பு.

இடத்தைக் குறிக்க அத்தியாய எண்ணும் பத்தி எண்ணுமே சிறந்தவை, ‘அத்தியாயம் 3, ஐந்தாம் பத்தி’ என்பதுபோல. சதவீதமும் கிண்டிலின் இருப்பிட எண்ணும் வேறு செயலியில் படிப்பவருக்கு உதவா. பக்கத்தைத் திரைப்பிடிப்பாக (ஸ்கிரீன்ஷாட்) எடுத்துப் போடுவதையும் தவிருங்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்களின் திரைவாசிப்பான் படத்துக்குள் இருக்கும் எழுத்தை ஒழுங்காகப் படிக்கும் என்ற உறுதி இல்லை.

கேள்வி: பாதியில் நிறுத்திய நூலைப் பற்றி எழுதலாமா?

பதில்: 600 பக்க நாவல் என்றால், எங்கே நிறுத்தினீர்கள், ஏன் நிறுத்தினீர்கள் என்று சொல்லிவிட்டு எழுதலாம். இரண்டு மணி நேரக் குறுநாவலுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதன் எடை பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில்தான் இருக்கிறது. முடிக்க முடியவில்லை என்றால் எழுத வேண்டாம், வேறு நூலை எடுங்கள்.