கேரவனின் முன்பக்கமும் சரளைக் கற்களும்: கேள்வி பதில்

காரின் பின்னால் கேரவனை (உள்ளே தங்கும் வசதியுள்ள இழுவை வண்டியை) இழுத்துக்கொண்டு சரளைச் சாலைகளில் செல்வோர், அதன் முன்பக்கத்தில் கல் அடித்து ஏற்படும் சேதத்தைப் பற்றி அனுப்பியிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எதிரே வரும் லாரிகள் தெறிக்கவிடும் கற்களால் என் கேரவனின் முன்பக்கம் புள்ளி புள்ளியாகப் பெயர்ந்திருக்கிறது. இதை எப்படித் தடுப்பது?

முதலில் அந்தப் புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்று கவனியுங்கள். அவை முன்ஜன்னலுக்குக் கீழே, உங்கள் காரின் பின்சக்கரங்களுக்கு நேராக இரண்டு பட்டைகளாக அடர்ந்திருந்தால், பெரும்பாலான கற்களைக் கிளப்பியது உங்கள் கார்தான். சக்கரம் கல்லைப் பின்னோக்கி வீசுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். வழுக்காமல் உருளும் சக்கரத்தில், தரையைத் தொட்டுவிட்டு எழும் டயர்ப் பகுதி அந்தக் கணத்தில் ஏறக்குறைய நேர் மேலாகவே நகர்கிறது. ஆகவே அது கல்லை மேலே தூக்கிக் காற்றில் விடுகிறது, பின்னால் வரும் கேரவன் தன் முழு வேகத்தோடு அந்தக் கல்லின் மேல் மோதுகிறது.

இதனால்தான் எல்லாக் கவசங்களுக்கும் முந்தியது வேகக் குறைப்பு என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், மணிக்கு 80 கி.மீ. வேகத்தை 50 ஆகக் குறைத்தால், அதே கல் தரும் அடியின் ஆற்றல் சுமார் 40 விழுக்காடாகச் சுருங்கிவிடும். எதிர் லாரி வரும்போதும் இதுவே வழி: வேகத்தை நன்றாகக் குறைத்து, பாதுகாப்பாக ஒதுங்க இடமிருந்தால் ஒதுங்கி, அது கடந்தபின் செல்லுங்கள்.

கேள்வி: காருக்கு அகலமான மட்ஃபிளாப் (சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் ரப்பர் தடுப்பு) போதுமா, அல்லது கேரவனின் இழுவைச் சட்டத்தில் வலைத்தடுப்பு பொருத்த வேண்டுமா?

இரண்டும் வெவ்வேறு வேலையைச் செய்கின்றன. மட்ஃபிளாப் கல்லைக் கிளம்பும் இடத்திலேயே மறிக்கிறது. தடித்த ரப்பரில், டயரின் அகலத்தைத் தாண்டி நிற்கும்படி பொருத்தினால் அதன் பயன் கண்கூடாகத் தெரியும். தொங்கும் உயரத்தைக் கேரவனை மாட்டி, சாமான்களை ஏற்றி, காரின் பின்புறம் தாழ்ந்த நிலையில்தான் அளக்க வேண்டும். வெறும் காரில் அளந்தால், பின்னர் அது தரையில் உரசும். பின்னோக்கி எடுக்கும்போது டயருக்கடியில் சிக்கிக் கிழியும். புகைக்குழாயின் வாய் ரப்பருக்கு அருகில் இருந்தால், இடையில் வெப்பத் தடுப்புத் தகடு வையுங்கள்.

மட்ஃபிளாப்பைத் தாண்டி வரும் கற்களுக்காகவே வலைத்தடுப்பு. அதை இரும்புச் சட்டத்தில் விறைப்பாக நிமிர்த்திக் கட்டுவதைவிட, சற்றுத் தளர்வாக, மேல்விளிம்பு முன்னோக்கிச் சாய்ந்திருக்கும்படி கட்டுவது நல்லது. தளர்ந்த வலை அடியை வாங்கிக்கொள்ளும், சாய்வு கல்லைத் தரைப்பக்கம் திருப்பும். காரின் பின்பம்பரிலிருந்து இழுவைச் சட்டம் வரை கிடையாக விரிக்கப்படும் வலை இன்னும் சிறந்தது என்பது என் கருத்து, ஏனெனில் கல் மேலே எழும் முன்பே அது தடுத்துவிடுகிறது. எதைப் பொருத்தினாலும், கூர்மையான திருப்பத்தில் கார் அதில் இடிக்கிறதா, பிரேக் கம்பிகளும் பாதுகாப்புச் சங்கிலிகளும் தடையின்றி அசைகின்றனவா என்று மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: பின்னால் எந்த வண்டியும் வராதபோது என் காரின் பின்கண்ணாடி நொறுங்கியது. இது எப்படி நேர்ந்திருக்கும்?

கேரவனின் தட்டையான முன்பக்கத்திலோ அங்கிருக்கும் பெட்டியிலோ மோதிய கல், காரைவிட அதிக வேகத்தில் முன்னோக்கித் தெறித்துப் பின்கண்ணாடியை அடித்திருக்கும். பொதுவாகப் பின்கண்ணாடி, முன்கண்ணாடியைப் போல் நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டப்பட்டதன்று. கடினப்படுத்தப்பட்ட ஒற்றைக் கண்ணாடி என்பதால் ஓரிடத்தில் உடைந்தாலும் முழுவதும் சிதறும். முன்பக்கப் பெட்டியின் மேல் ரப்பர் விரிப்பைக் கட்டுவது தெறிப்பின் வேகத்தைக் குறைக்கும். நீண்ட சரளைப் பாதையில், சட்டப்படி அனுமதி இருந்து பக்கக் கண்ணாடிகளில் பின்புறம் நன்றாகத் தெரியுமானால், பின்கண்ணாடிக்கு வெளியே நெளிவுப் பிளாஸ்டிக் அட்டை ஒன்றையும் ஒட்டலாம்.

கேள்வி: ஒட்டும் படலம், தெளிக்கும் பூச்சு, அலுமினியச் செக்கர் பிளேட் (புடைப்புக் கோடுகள் உள்ள தகடு): எதைத் தேர்வது?

தார்ச்சாலையில் அவ்வப்போது தெறிக்கும் பொடிக்கற்களுக்கு ஒளிபுகும் பாலியூரித்தேன் படலம் போதும். சுமார் 0.2 மி.மீ. தடிமன்தான் என்பதால், பெரிய கல்லை அது தாங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒட்டும் முன் மேற்பரப்பின் மெழுகையும் வெளிறலையும் முழுவதும் நீக்குங்கள். அடிக்கடி சரளையில் செல்பவர்களுக்கு, லாரிகளின் சுமைத்தளத்தில் அடிக்கப்படும் தடித்த பாலியூரித்தேன் பூச்சையே பரிந்துரைப்பேன்; அது நெகிழ்ந்து அடியை வாங்கும், ஆனால் திரும்ப எடுப்பது மிகக் கடினம். செக்கர் பிளேட் மிகுந்த உறுதி உடையது. அதன் எடையில் பெரும்பகுதி கப்ளிங்கின் (கேரவன் காரோடு இணையும் மூட்டின்) மேல் இறங்குவதால், பொருத்தியபின் அந்தச் சுமையை எடைபோட்டு, கார் தயாரிப்பாளர் சொல்லும் வரம்புக்குள் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

கேள்வி: பழைய படலம் மஞ்சளாகி வெடித்துவிட்டது. எப்படி உரிப்பது?

ஹேர் டிரையரால் மிதமாகச் சூடாக்கி, மேற்பரப்போடு ஒட்டினாற்போல் மடக்கி மெதுவாக இழுங்கள். செங்குத்தாக இழுத்தால் பெயின்ட்டும் சேர்ந்து வரலாம்.

கேள்வி: ஃபைபர் கிளாஸ் முன்பக்கத்தில் ஜெல் கோட் (அதன் பளபளப்பான வெளிப்பூச்சு) பெயர்ந்து, சுற்றிலும் நட்சத்திரம் போல் விரிசல்கள் உள்ளன. நானே சரிசெய்ய முடியுமா?

பொறுமை இருந்தால் முடியும். முதலில் விரலால் தட்டிப் பாருங்கள். சத்தம் மொத்தையாக மாறினாலோ, அழுத்தும்போது உள்வாங்கினாலோ அடியிலுள்ள அடுக்கு பிரிந்திருக்கிறது. அதை நல்ல பணிமனையிடம் விடுங்கள். சேதம் ஜெல் கோட்டோடு நின்றிருந்தால், அசிட்டோனால் மெழுகைத் துடைத்து, ஒவ்வொரு விரிசலையும் ஆங்கில ‘வி’ வடிவில் அதன் அடிவரை திறந்துகொள்ளுங்கள். விரிசலின் மேல் வெறுமனே பூசினால் அதே கோடு மீண்டும் வெளியே வரும்.

ஜெல் கோட் பேஸ்ட்டோடு, அதை இறுகவைக்கும் ஹார்டனரைத் தயாரிப்பாளர் குறித்த அளவில், பெரும்பாலும் 1 முதல் 2 விழுக்காடு வரை, கலந்து, மட்டத்தைவிடச் சிறிது உயர்த்தி நிரப்புங்கள். சாதாரண ஜெல் கோட், காற்றுப்பட்டால் மேற்புறம் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். அதனால் மேலே பிளாஸ்டிக் படலத்தை ஒட்டிக் காற்றைத் தடுங்கள். இறுகியபின், நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளால், 400ஆம் எண்ணில் தொடங்கி 600, 800, 1000, 1500 என்று மேலும் மேலும் நுண்மையாகத் தேய்த்து பாலிஷ் செய்யுங்கள். ஹார்டனர் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வைக்கு நிரந்தரக் கேடு நேரலாம். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, தேய்க்கும்போது தூசிக்கேற்ற முகக்கவசம் ஆகியவை இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

கேள்வி: அலுமினியத் தகட்டில் சிறு ஓட்டை விழுந்திருக்கிறது. சிலிக்கான் தடவினால் போதாதா?

போதாது. சிலிக்கானின் மேல் பெயின்ட் ஒட்டாது. அதை முழுவதும் சுரண்டி எடுப்பதும் கடினம். ஓட்டையைவிடப் பெரிய அலுமினிய ஒட்டுத்தகட்டின் கீழ் பியூட்டைல் டேப் (நீர்புகாமல் அடைக்கும் பிசுபிசுப்பான நாடா) வைத்து, நுனி மூடிய அலுமினிய ரிவிட்களால் இறுக்குங்கள். துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளை நேரடியாகப் பயன்படுத்தினால், ஈரமும் உப்பும் சேரும்போது அலுமினியம் அரிக்கப்படும். இரும்புப் பஞ்சால் தேய்ப்பதும் இதே காரணத்தால் தவறு. பெயின்ட் மட்டும் பெயர்ந்த இடங்களுக்கு, அலுமினியத்துக்குரிய எட்ச் பிரைமர் (பெயின்ட்டை உலோகத்தில் பிடிக்கவைக்கும் அடிப்பூச்சு) அடித்தபின் நிறம் பூசுங்கள்.

ஆனால் ஓட்டையை அடைக்கும் முன், உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். மரச்சட்டம் உள்ள கேரவனில், உட்புறப் பலகையின் கீழ்மூலைகளில் ஈரமானியை வைத்துப் பாருங்கள். 20 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் திறந்து உலர்த்தாமல் மூடாதீர்கள். ஈரத்தை உள்ளே வைத்து அடைத்த முன்பக்கங்களில், வெளியே பளபளப்பு மாறாமல் இருக்க, உள்ளே மரம் மக்கிக்கொண்டே போகும்.

கேள்வி: முன்ஜன்னல் அக்ரிலிக். அதில் கீறலும் ஒரு சிறு விரிசலும் உள்ளன.

கீறலுக்கு அக்ரிலிக் பாலிஷ் போதும். விரிசலின் நுனியில் 3 மி.மீ. துளையிட்டால் அது நீள்வது பெரும்பாலும் நிற்கும். மாற்று ஜன்னல் கிடைக்கும்வரை அதைத் தெளிவான டேப்பால் மூடி வையுங்கள். ஆல்கஹால், அம்மோனியா, தின்னர் எதையும் அதன்மேல் படவிடாதீர்கள். மயிரிழை வெடிப்புகள் பரவும்.

கேள்வி: முன்பக்கத்தில் வேறு எதைப் பார்க்க வேண்டும்?

கீழே குனிந்து பாருங்கள். தண்ணீர் வடிகால் வால்வு, பிரேக் ஒயர்கள், கேஸ் குழாய் மூன்றும் கல் அடிக்கு மிக எளிதில் ஆளாகுபவை. ஒயர்களைக் கெட்டியான நெளிகுழாய்க்குள் விட்டு, சட்டத்தின் உட்பக்கமாகக் கட்டுங்கள். வால்வுக்கு முன்னால் சிறு உலோகத் தகடு ஒன்றைத் தடுப்பாக வையுங்கள். சிலிண்டர் வால்வைப் பயணத்தின்போது மூடியே வையுங்கள். ஒவ்வொரு சரளைப் பயணத்துக்குப் பிறகும், அருகில் நெருப்பில்லாத இடத்தில் வால்வைத் திறந்து, ரெகுலேட்டரின் இணைப்புகளிலும் குழாயிலும் சோப்பு நீரைத் தடவுங்கள். குமிழி எழுந்தால் உடனே வால்வை மூடி, அந்தப் பகுதியை மாற்றும்வரை கேஸைப் பயன்படுத்தாதீர்கள்.