மருமகள் ஏன் அழுகிறாள்?

வாசகர் கேள்விகளுக்கு, திருச்சியில் பணிபுரியும் ஓர் உளவியலாளரின் பதில்கள்

கேள்வி: மருமகளுக்குத் தலைப்பிரசவம். பிள்ளை பிறந்து ஐம்பது நாள் ஆகிறது, அம்மா வீட்டில் இருக்கிறாள். நாங்கள் பார்க்கப் போனால் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. குழந்தை அழுதால் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பால் போதவில்லை என்று ஓயாமல் அழுகிறாள், ஆனால் குழந்தை நன்றாக எடை கூடியிருக்கிறது. சம்பந்தியம்மா காத்துக் கருப்பு என்று தாயத்துக் கட்டியிருக்கிறார். என் மகன் "நடிக்கிறா" என்கிறான். நானும் மூன்று பெற்றவள்தான், இப்படி உட்கார்ந்ததில்லை. இது திமிரா, நோயா?
- பெயர் வேண்டாம், கரூர் மாவட்டம்

பதில்: அம்மா, மருமகளைப் பற்றி மாமியார் எழுதும் கடிதங்கள் எனக்கு நிறைய வரும். "நோயா?" என்று கேட்டு வருவது அபூர்வம். கேட்டதற்கு நன்றி.

திமிர் இல்லை. பிரசவமான மூன்றாம் நான்காம் நாளில் காரணமே இல்லாமல் அழுகை வருவது பெரும்பாலான தாய்மார்களுக்கு உண்டு. உடம்பில் ஹார்மோன்கள் மளமளவென்று இறங்குகிற நேரம் அது. இரண்டு வாரத்துக்குள் தானாகத் தெளிந்துவிடும். ஐம்பது நாள் தாண்டியும் தெளியவில்லை, பிள்ளையிடமும் ஒட்டவில்லை என்றால் பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு என்று சந்தேகிக்க வேண்டும். கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் சூட்டக் கூடாது, நேரில் பார்க்க வேண்டும். ஆனால் எடை கூடுகிற பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டே பால் போதவில்லை என்று அழுகிறாளே, அந்த ஒரு வரி போதும், நாளைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள் என்று நான் சொல்ல.

பிரசவம் பார்த்த டாக்டரிடமே போகலாம். ரத்தசோகையும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டுமே ஆளைச் சோர்த்துப்போடும். பிரசவமான தாய்க்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க, எடின்பரோ அளவுகோல் என்று 1987-ல் வந்த பத்துக் கேள்விகள் உண்டு, தமிழிலும் இருக்கிறது. கடைசிக் கேள்வி, தன்னையே ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் வருகிறதா என்பது. அதைக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று வீட்டார் பயப்படுவார்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. தாராளமாகக் கேளுங்கள்.

கேட்கும்போது சுற்றி ஆள் வேண்டாம். இதே மாதிரி ஒரு பெண்ணை என்னிடம் அழைத்து வந்திருந்தார்கள். ராத்திரி தூக்கம் எப்படி என்றேன். அம்மா, அத்தை, சித்தி மூன்று பேரும் பதில் சொன்னார்கள், "நல்லாத்தான் தூங்குறா". மூவரையும் டீ குடிக்க அனுப்பிவிட்டு மறுபடி கேட்டேன். "புள்ள தூங்குனாலும் மூச்சு வருதான்னு பார்த்துக்கிட்டே இருப்பேன் மேடம்" என்று, தன் மூக்குக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினாள். விடிய விடிய அப்படித்தானாம். பக்கத்தில் படுத்திருந்த அம்மாவுக்கே தெரியவில்லை.

அதனால் முதல் மருந்து தூக்கம். ராத்திரியில் சேர்ந்தாற்போல் நான்கைந்து மணி நேரம் அவள் தூங்க வேண்டும். பாலைப் பீய்ச்சி வைத்தால் பாலாடையில் புகட்டலாம். இல்லையா, பால் குடிக்க மட்டும் பிள்ளையை அவளிடம் கொண்டுபோய்விட்டு, தட்டித் தூங்க வைப்பதை வேறொருவர் பார்க்கலாம். அந்த வேறொருவர் உங்கள் மகனாகவே இருக்கட்டும். நடிக்கிறாள் என்கிறவர் நாலு ராத்திரி மாமியார் வீட்டில் பிள்ளையோடு முழித்திருந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

தாயத்து இருந்துவிட்டுப் போகட்டும். அதை அவிழ்க்கச் சொல்லி சம்பந்தியோடு மல்லுக்கு நிற்காதீர்கள், டாக்டரிடம் போவது தள்ளிப்போகாமல் இருந்தால் போதும். ஆனால் பத்தியம் என்று அவளுக்குத் தண்ணீரையும் காய்கறியையும் குறைத்தால் மட்டும் விடாதீர்கள்.

மாத்திரை தேவைப்பட்டால் மனநல மருத்துவர் எழுதுவார். நான் பேசிச் சரிசெய்யும் ஆள், மாத்திரை எழுத மாட்டேன். பால் கொடுக்கிறவர்கள் சாப்பிடக்கூடிய மருந்துகள் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள். பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும், கொஞ்சம் தேறியதும் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

ஒன்றில் மட்டும் காத்திருக்காதீர்கள். நாட்கணக்கில் தூங்காமலே சுறுசுறுப்பாக இருக்கிறாள், யாரோ பேசுவது கேட்கிறது என்கிறாள், இது என் பிள்ளையே இல்லை என்கிறாள் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. தாயையும் பிள்ளையையும் தனியாக விடக் கூடாது. 14416 என்பது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் இலவச எண், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

நான் மூன்று பெற்றவள் என்று எழுதியிருக்கிறீர்கள். "புள்ள பெத்ததும் புத்தி கலங்கிப்போச்சு" என்று சொல்லப்பட்ட ஒருத்தி உங்கள் தெருவிலும் இருந்திருப்பாள். யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: வயது 44. லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, விரல்கள் மரத்துப்போகின்றன, இதோ செத்துவிடுவோம் என்று தோன்றுகிறது. ராத்திரி இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஈசிஜி, எக்கோ, ரத்தம் எல்லாம் நார்மல், கேஸ்தான் என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது பைக்கில் தனியாகப் போகவே பயம். ஆபீசுக்கு மச்சான் கொண்டுவந்து விடுகிறார்.
- ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: நீங்கள் சொல்வதெல்லாம் பேனிக் அட்டாக்குக்கு, அதாவது திடீரென்று உடம்பையே ஆட்டிவிடும் பயத்துக்குப் பொருந்துகிறது. இதயத்தை டாக்டர்கள் பார்த்துவிட்டார்கள், அது நல்லது. தைராய்டு பார்க்கவில்லை என்றால் அதையும் பாருங்கள். நடந்தால், மாடி ஏறினால் நெஞ்சு வலிக்கிறது என்றால் அது வேறு விஷயம், திரும்பவும் இதய மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

பயத்தில் மூச்சு வேகமாகும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் மரத்துப்போவதும் தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய் இறங்கிவிடும். நம்புவது கஷ்டம் என்பதால் என் அறையில் செய்தே காட்டுவேன். ஒரு நிமிடம் வேகவேகமாக மூச்சு விடச் சொல்வேன். அதே மரமரப்பு, அதே கிறுகிறுப்பு வரும். அப்புறம் உட்கார்ந்த இடத்திலேயே, மூச்சை இழுப்பதைவிட விடுவதை மெதுவாக்கச் சொல்வேன், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். தானே வரவழைத்துத் தானே அடக்கிய ஒன்றிடம் பழைய பயம் இருக்காது.

உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை தருவது அந்தப் படபடப்பைவிட மச்சானின் பைக்தான். ஏறி உட்கார உட்கார, தனியாகப் போனால் ஆபத்து என்பது உறுதியாகிக்கொண்டே போகும். நாளைக்கு முக்கு வரை தனியாக ஓட்டுங்கள். படபடப்பு வந்தால் ஓரமாக நிறுத்தி, அது இறங்கியதும் மேற்கொண்டு போங்கள், வீட்டுக்குத் திரும்பாதீர்கள். அடுத்த வாரம் கடைவீதி, அப்புறம் ஆபீஸ். கூட ஒரு உளவியலாளர் இருந்தால் சீக்கிரம் நடக்கும். லாரி ஆபீசில் மணிக்கொரு டீ வரும் என்று தெரியும், பாதியாகக் குறையுங்கள்.

கேள்வி: என் கணவர் தினமும் குடிக்கிறார், சிகிச்சைக்கு வர மாட்டேன் என்கிறார். "அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்" என்று விளம்பரம் பார்த்தேன். காபியில் கலந்து கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, பெரம்பலூர்

பதில்: வேண்டவே வேண்டாம். இப்படி விற்கும் பொடியில் என்ன இருக்கிறது என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. குடியை நிறுத்த டாக்டர்கள் தரும் டைசல்ஃபிரம் மாத்திரையையே எடுத்துக்கொண்டாலும், அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் விழும், உயிரே போகலாம். டாக்டர் பரிசோதித்து, ஆளிடம் விளக்கி, அவர் சம்மதித்த பிறகுதான் கொடுப்பார்கள். தினமும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினாலும் ஓரிரு நாளில் கைநடுக்கம், வலிப்பு, புத்தித் தடுமாற்றம் வரலாம், நிறுத்துவதென்றால் மருத்துவர் மேற்பார்வையில்.

அவர் வராவிட்டால் நீங்கள் வாருங்கள். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.கே. குடிநோய் மருத்துவமனையில் குடிப்பவரின் குடும்பத்துக்கென்றே தனி வகுப்பு நடத்துகிறார்கள். குடிப்பவர் குடும்பங்கள் கூடிப் பேசும் அல்-அனான் குழுக்களும் உண்டு. வாந்தியைக் கழுவி விடுவதையும், அவர் முதலாளிக்கு போன் செய்து காய்ச்சல் என்று பொய் சொல்வதையும் இன்றோடு விடுங்கள். அவர் குடித்திருக்கும்போது பிள்ளைகளை வண்டியில் ஏற்றாதீர்கள். உண்டியலோ பேங்க் கணக்கோ, உங்கள் பெயரில் கொஞ்சம் பணம் இருக்கட்டும். கை நீட்டுகிறார் என்றால் பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசுங்கள்.

கேள்வி: மனநலச் சிகிச்சைக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது. ஆனால் பல பாலிசிகளில் ஆஸ்பத்திரியில் தங்கினால்தான் பணம், என் போன்றவர்களுக்குக் கொடுக்கும் ஃபீஸ் வராது. பாலிசியை எடுத்துப் படித்துப் பாருங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு, முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கும் பிறகு இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஓம்புட்ஸ்மேனுக்கும் எழுதுங்கள்.